அத்தியாயம் 9: இன்ஜின் மாற்றும் லாரியில் ஏ.சி., ஃபேன் ஒயரிங்

டெல்டாவில் ஓடும் லாரி நெடுஞ்சாலை லாரியைப் போல வேகமாக ஓடி வேலையை முடிப்பதில்லை. வயலை ஒட்டிய ஊராட்சிச் சாலை, வாய்க்கால் மதகுப் பாலம், ஒரு வண்டி மட்டுமே நுழையும் கடைத்தெரு எல்லாவற்றையும் இரண்டாவது, மூன்றாவது கியரில் கடக்க வேண்டும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை ஏற்றும் வரையும், குடோனிலோ அரிசி ஆலையிலோ இறக்கும் வரையும் வரிசையில் நிற்க வேண்டும். ஓடும் வேகத்தில் ரேடியேட்டருக்குத் தானாகக் கிடைக்கும் எதிர்க்காற்று இந்த லாரிகளுக்குக் கிடைப்பதில்லை. ஃபேன் இழுக்கும் காற்றுதான் இன்ஜினைக் காப்பாற்றுகிறது. அதனால்தான் இந்த நூலில் ஃபேன் ஒயரிங்குக்கும் ஏ.சி. ஒயரிங்குக்கும் தனி அத்தியாயம் தேவைப்பட்டது.

2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும் என்2, என்3 வகைச் சரக்கு வண்டிகளுக்கு, அதாவது மொத்த எடை 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு, டிரைவர் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2023 டிசம்பரில் அறிவித்தது. பழைய லாரிகளுக்கு இந்தக் கட்டாயம் கிடையாது. ஆனால் கத்திரி வெயிலில் இன்ஜின் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டும் டிரைவருக்குப் பழைய வண்டி, புது வண்டி என்ற வேறுபாடு ஏது? இன்ஜின் மாற்றும்போது வண்டியின் முன்பக்கம் முழுக்கத் திறந்து கிடக்கும், ரேடியேட்டரும் ஒயரிங் செட்டும் வெளியே வந்திருக்கும். ஏ.சி. பொருத்த அதைவிடத் தோதான நேரம் கிடைக்காது.

இந்த அத்தியாயம் முழுவதற்கும் ஒரே விதி: கேபின் குளிர்ச்சி எப்போதும் இன்ஜின் குளிர்ச்சிக்குக் கட்டுப்பட்டே இருக்க வேண்டும். ஃபேன் ஓடாமல் கம்ப்ரசர் ஓடக்கூடாது. இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடானால் கம்ப்ரசர் தானாக நிற்க வேண்டும். டிரைவர் கவனித்து அணைத்துக்கொள்வார் என்று விட்டுவிடக் கூடாது. ஒயரிங்கே அதைச் செய்ய வேண்டும்.

1. பழைய இன்ஜினைக் கழற்றுவதற்கு முன்

செயின் பிளாக்கைக் கட்டுவதற்கு முன்பே எலக்ட்ரீஷியன் வண்டிக்கு வந்துவிட வேண்டும். மெக்கானிக் இன்ஜினை இறக்கிப் புது இன்ஜினை ஏற்றிய பிறகு ஒயரிங்குக்கு ஆள் கூப்பிட்டால், எந்த ஒயர் எங்கிருந்து வந்தது என்று தேடுவதிலேயே ஒரு நாள் போகும்.

பேட்டரி மெயின் சுவிட்சை அணைத்து, நெகட்டிவ் கேபிளைக் கழற்றுங்கள். பிறகு இன்ஜினுக்குப் போகும் ஒவ்வொரு ஒயருக்கும் துணி டேப் சுற்றி எண் எழுதுங்கள். டைனமோவின் பி பிளஸ், சார்ஜ் லைட் ஒயர், ஆர்.பி.எம். மீட்டருக்குப் போகும் டபிள்யூ ஒயர், செல்ஃப் மோட்டாருக்கு வரும் இரண்டு ஒயர்கள், ஆயில் பிரஷர் சுவிட்ச், ஹீட் மீட்டர் சென்சார், இன்ஜினை நிறுத்தும் சோலினாய்டு ஆகியவை முக்கியமானவை. செல்போனில் நாலு பக்கமும் படம் எடுத்து வைத்தால் போதாது. எண்ணும் இடமும் சேர்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள்.

ஹீட் மீட்டர் சென்சார் விஷயத்தில் தனிக் கவனம் வேண்டும். கேபினில் உள்ள மீட்டரும் இன்ஜினில் உள்ள சென்சாரும் ஜோடியாகச் செய்யப்பட்டவை. புது இன்ஜினில் வந்த சென்சாரை அப்படியே விட்டுவிட்டுப் பழைய மீட்டரோடு இணைத்தால் முள் தவறான சூட்டைக் காட்டும். இன்ஜின் கொதிக்கும்போதும் முள் பாதியில் நிற்கலாம். பழைய சென்சாரையே புது இன்ஜினில் பொருத்துங்கள். மரை ஒத்துவராவிட்டால் அடாப்டர் போடுங்கள்.

2. 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா?

டாடா 407 போன்ற சின்ன வண்டிகள் 12 வோல்ட். பெரிய லாரிகளில் பெரும்பாலும் இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் வைத்திருப்பார்கள். சென்னை புதுப்பேட்டையிலோ வேறு ஊர்ப் பழைய உதிரிச் சந்தையிலோ வாங்கிவரும் இன்ஜின் எந்த வண்டியில் இருந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். டைனமோ, செல்ஃப், சோலினாய்டு மூன்றின் மேலும் வோல்ட் அச்சிட்டிருக்கும், அதையும் பாருங்கள். வண்டி 24 ஆகவும் இன்ஜின் 12 ஆகவும் இருந்தால், இன்ஜின் மேலிருக்கும் மின்சாதனங்கள் அத்தனையையும் மாற்ற வேண்டும். ஒன்று விட்டாலும் அது புகைந்துபோகும்.

ஏ.சி. கம்ப்ரசர் கிளச், கண்டன்சர் ஃபேன், ப்ளோயர் மோட்டார், ரிலே எல்லாமே வண்டியின் வோல்ட்டுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். 24 வோல்ட் லாரியில் கார் ஃபேனைப் பொருத்திவிட்டு, இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுக்கும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. அதை அறவே செய்யாதீர்கள். அந்தப் பேட்டரி எப்போதும் குறைச் சார்ஜில் இருக்கும், மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜாகிக் கொதிக்கும். ஓராண்டுக்குள் இரண்டு பேட்டரிகளும் வீணாகலாம். 24 வோல்ட் மோட்டாரே வாங்குங்கள். 12 வோல்ட் சாமான்தான் கையில் இருக்கிறது என்றால், அதன் ஆம்பியரைத் தாங்கும் கன்வெர்ட்டர் போடுங்கள்.

3. ஆம்பியர் கணக்கு

ஒயர் வாங்கப் போவதற்கு முன் ஒரு தாளில் இந்தக் கணக்கைப் போடுங்கள். இவை தோராய அளவுகள். பொருத்தும் மோட்டாரின் லேபிளையோ கிளாம்ப் மீட்டரையோ பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.

கம்ப்ரசர் கிளச்: 12 வோல்ட்டில் 4 ஆம்பியர், 24 வோல்ட்டில் 2.
12 அங்குலக் கண்டன்சர் ஃபேன் ஒன்று: 12 வோல்ட்டில் 8 முதல் 10, 24 வோல்ட்டில் 4 முதல் 5.
ப்ளோயர் முழு வேகத்தில்: 12 வோல்ட்டில் 15 வரை, 24 வோல்ட்டில் 8 வரை.

இரண்டு ஃபேன் வைத்தால் 12 வோல்ட் வண்டியில் ஏ.சி.க்கு மட்டும் 40 ஆம்பியர் அளவுக்குத் தேவை. இரவில் ஹெட்லைட்டுக்கு 10, மழையில் வைப்பருக்கு 5, பேட்டரி சார்ஜுக்குக் கொஞ்சம் என்று கூட்டினால் 60-ஐத் தாண்டும். பழைய வண்டியின் டைனமோ 35 அல்லது 55 ஆம்பியராக இருந்தால் எப்படிப் போதும்? டைனமோவின் மேல் எழுதியிருக்கும் ஆம்பியர் வேகமாகச் சுற்றும்போது வருவது. ஐடிலில் அதில் பாதிகூட வராமல் போகலாம். நெல் வரிசையில் ஒரு மணி நேரம் ஏ.சி. போட்டு நின்ற லாரி மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் போவது பேட்டரியின் குற்றமல்ல, இந்தக் கணக்கைப் போடாததன் விளைவு.

எனவே இன்ஜின் மேலே ஏறுவதற்கு முன்பே டைனமோவை மாற்றிவிடுங்கள். 12 வோல்ட்டுக்கு 90 ஆம்பியருக்குக் குறையாமலும், 24 வோல்ட்டுக்கு 60-க்குக் குறையாமலும் பாருங்கள். ஆம்பியர் கூடினால் பி பிளஸ் கேபிளையும் தடிமனாக்க வேண்டும். ஃபேன் பெல்ட் ஒற்றையாக இருந்து, டைனமோ, தண்ணீர் பம்ப், கம்ப்ரசர் மூன்றையும் அதுவே சுற்ற வேண்டியிருந்தால் பெல்ட் வழுக்கும். கம்ப்ரசருக்குத் தனி புல்லியும் தனி பெல்ட்டும் வைப்பதே நல்லது.

4. ஒயரைத் தொடும் முன் காற்றைக் கவனியுங்கள்

கார் இன்ஜின் மாற்றுபவர்கள் இன்ஜினோடு சுற்றும் ஃபேனைக் கழற்றிவிட்டு எலக்ட்ரிக் ஃபேன் போடுவதுண்டு. லாரியில் அதைச் செய்யக் கூடாது. டீசலில் இருந்து வரும் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. மற்றதில் ஒரு பங்கு புகையோடு போகிறது, ஒரு பங்கு தண்ணீரின் வழியாக ரேடியேட்டருக்கு வருகிறது. 130 குதிரைச் சக்தி லாரி பாரத்தோடு இழுக்கும்போது பல பத்துக் கிலோவாட் சூட்டை ரேடியேட்டர் வெளியே தள்ள வேண்டும். இன்ஜின் ஃபேன் அதற்காகச் சில கிலோவாட் சக்தியை எடுத்துக்கொண்டு சுற்றுகிறது. ஒரு எலக்ட்ரிக் ஃபேனோ நூறு வாட் அளவில்தான் வேலை செய்யும். எலக்ட்ரிக் ஃபேன் கண்டன்சருக்கானது, ரேடியேட்டருக்கு அது துணை மட்டுமே.

இன்ஜின் ஃபேன் சரியாக அமைந்திருக்கிறதா என்று பாருங்கள். மாற்று இன்ஜினின் மவுண்ட் கொஞ்சம் ஏறியோ இறங்கியோ இருந்தால் ஃபேனின் மையம் ரேடியேட்டர் மையத்தைவிட்டு விலகும். ஃபேனைச் சுற்றியுள்ள தகரக் கூட்டில் இறக்கைகள் பாதிக்கு மேல் உள்ளே இருக்க வேண்டும். சுற்றிலும் இடைவெளி ஒரே அளவாக, ஏறத்தாழ ஓர் அங்குலம் இருக்க வேண்டும். பழைய கூடு பொருந்தாவிட்டால் அதைக் கழற்றி எறிந்துவிடாமல், புதிதாகத் தகரம் வெட்டி அடியுங்கள். கூடு இல்லாத ஃபேன் சூடான காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருக்கும்.

கண்டன்சரை எங்கே வைப்பது? ரேடியேட்டருக்கு முன்னால் வைத்தால் இடமும் செலவும் மிச்சம். ஆனால் கேபினில் இருந்து எடுத்த சூடும் கம்ப்ரசர் தந்த சூடும் சேர்ந்து 6, 7 கிலோவாட் வரை ரேடியேட்டருக்குள் நுழையும் காற்றில் கலக்கும். ஏற்கெனவே முழுத் திறனில் வேலை செய்யும் ரேடியேட்டர் அதைத் தாங்காது. கேபின் கூரை மேல் வைக்கும் கண்டன்சரில் இந்தத் தொல்லை இல்லை, வைக்கோல் தூசும் குறைவு. நின்று நின்று வேலை செய்யும் டெல்டா லாரிக்குக் கூரை வகையையே நான் சிபாரிசு செய்வேன். குழாயும் ஒயரும் கூடுதலாகும், கூரைத் துளைகளில் மழைநீர் இறங்காமல் ரப்பர் கிராமெட்டும் சீலன்ட்டும் வைக்க வேண்டும். வைக்கோல் பாரம் ஏற்றும் லாரியில் பாரம் கேபினுக்கு மேல் சரிந்து கண்டன்சரை மூடாதபடி ஒரு கம்பித் தடுப்பும் வேண்டும்.

முன்னால்தான் வைக்க முடியும் என்றால் ரேடியேட்டருக்கும் கண்டன்சருக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி விட்டு, பக்கவாட்டில் ரப்பர் பட்டை அடைத்து, காற்று சந்து வழியாக ஓடிவிடாமல் செய்யுங்கள்.

5. ஒயர், ஃபியூஸ், ரிலே

ஒயரின் தடிமனை அது சூடாகுமா என்பதை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வழியில் எவ்வளவு வோல்ட் இழக்கும் என்பதையும் பாருங்கள். லாரியின் பேட்டரிப் பெட்டி சேசிஸ் பக்கத்தில் இருக்கும், அங்கிருந்து கேபின் முன்பக்கத்துக்கு 5 மீட்டர் ஒயர் ஓடும். இரண்டு ஃபேனுக்கும் சேர்த்து 20 ஆம்பியரை 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயரில் அனுப்பினால் 0.7 வோல்ட் வழியிலேயே போய்விடும். அதே மின்சாரம் 6 சதுர மி.மீ. ஒயரில் போனால் இழப்பு 0.3 வோல்ட்தான். கனெக்டர், எர்த் இழப்புகளும் இதோடு சேரும். 12 வோல்ட் வண்டியில் ஒன்றரை வோல்ட் குறைந்தால் ஃபேன் வேகமும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும்.

12 வோல்ட் வண்டியில் பேட்டரியில் இருந்து ஏ.சி. ஃபியூஸ் பெட்டிக்கு 10 சதுர மி.மீ., ஒவ்வொரு ஃபேனுக்கும் 2.5, ப்ளோயருக்கு 4, கிளச்சுக்கு 1.5, சுவிட்ச் ஒயர்களுக்கு 1 சதுர மி.மீ. போடுங்கள். 24 வோல்ட் வண்டியில் மெயின் ஒயர் 6, ஃபேனுக்கு 1.5, ப்ளோயருக்கு 2.5 போதும். வீட்டு ஒயரிங்குக்கு விற்கும் ஒயரை லாரியில் போடாதீர்கள். அதன் இன்சுலேஷன் இன்ஜின் சூட்டுக்கும் டீசலுக்கும் ஏற்றதல்ல, இழைகளும் குறைவு. அதிர்வில் அறுந்துவிடும்.

மெயின் ஃபியூஸ் பேட்டரியில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். கேபினுக்குள் ஃபியூஸ் வைத்து, பேட்டரியில் இருந்து அதுவரை 5 மீட்டர் ஒயரைக் காப்பின்றி ஓட விட்டால், வழியில் சேசிஸில் உரசிய நொடியே தீப்பிடிக்கும். 12 வோல்ட்டுக்கு மெயின் ஃபியூஸ் 60 ஆம்பியர், 24 வோல்ட்டுக்கு 30. பிறகு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஃபியூஸ். 12 வோல்ட் கணக்கில் ஃபேன் ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் 20, ப்ளோயருக்கு வெள்ளை 25, கிளச்சுக்குச் சிவப்பு 10. ஒரு ஃபேன் பழுதானால் மற்றது ஓட வேண்டும், அதற்காகத்தான் தனித்தனி ஃபியூஸ்.

ரிலேயில் 30 பேட்டரிப் பக்கம், 87 மோட்டார்ப் பக்கம், 85-ம் 86-ம் காயில். ஃபேன் ஒன்றுக்கு ஒரு ரிலே, கிளச்சுக்கு ஒன்று, ப்ளோயருக்கு ஒன்று என நான்கு ரிலே வேண்டும். 12 வோல்ட்டில் 40 ஆம்பியர் தாங்கும் ரிலேயின் முனைகள் 24 வோல்ட்டில் அவ்வளவு தாங்காது. 24 வோல்ட் என்று அச்சிட்ட ரிலேயையே வாங்குங்கள்.

கிளச் காயில் அணையும் நொடியில் எதிர்த்திசையில் பெரிய வோல்ட் துடிப்பு ஒன்று கிளம்பும். அது ரிலே முனையை அரிக்கும், இ.சி.யு. உள்ள வண்டியில் அதையும் கெடுக்கும். கிளச்சின் இரண்டு ஒயருக்கும் குறுக்கே ஒரு டயோடு வையுங்கள். டயோடில் வெள்ளிக் கோடு உள்ள முனை பாசிட்டிவ் பக்கம் இருக்க வேண்டும். மாற்றி வைத்தால் ஃபியூஸ் உடனே போகும்.

6. இணைப்பு வரிசை

கம்ப்ரசர் ரிலேயின் காயிலுக்கு வரும் மின்சாரம் இந்த வரிசையில் வர வேண்டும்: சாவி, 5 ஆம்பியர் ஃபியூஸ், ப்ளோயர் சுவிட்ச், ஏ.சி. சுவிட்ச், கூலிங் காயில் தெர்மோஸ்டாட், கேஸ் பிரஷர் சுவிட்ச், இன்ஜின் ஹீட் கட்-அவுட், பிறகு ரிலேயின் 86. இவற்றில் எது தடுத்தாலும் கம்ப்ரசர் நிற்கும்.

ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. ப்ளோயர் ஓடாமல் கம்ப்ரசர் ஓடினால் கூலிங் காயில் பனிக்கட்டியாகும், தெர்மோஸ்டாட் இருப்பதும் அதைத் தடுக்கத்தான். கேஸ் கசிந்து பிரஷர் 2 பார் அளவுக்கு இறங்கினாலும், ஃபேன் நின்று 30 பார் அளவுக்கு ஏறினாலும் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரசரைக் காக்கும். இன்ஜின் ஹீட் கட்-அவுட், தண்ணீர் 105 டிகிரி அளவுக்கு வந்தால் திறந்துகொள்ளும் சுவிட்ச். இதைப் பல பட்டறைகளில் வைப்பதே இல்லை. நூறு ரூபாய்க் கணக்கில் முடியும் இந்தச் சாமான்தான் ஹெட் கேஸ்கட்டைக் காப்பாற்றுகிறது.

ஃபேன் ரிலேக்கு மின்சாரம் எங்கிருந்து எடுப்பது? கிளச் ஒயரில் இருந்தே எடுத்துவிடுபவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் பிரஷர் ஏறிக் கம்ப்ரசர் நிற்கும்போது ஃபேனும் நின்றுவிடும், ஏறிய பிரஷர் இறங்க வழி இருக்காது. ஏ.சி. சுவிட்சைத் தாண்டியதும், தெர்மோஸ்டாட்டுக்கு முன்னால் எடுங்கள். ஏ.சி. சுவிட்ச் போட்டிருக்கும் வரை, கம்ப்ரசர் நின்று நின்று ஓடினாலும் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்.

கண்டன்சர் ரேடியேட்டருக்கு முன்னால் இருந்தால், இன்ஜின் சூடாகும்போதும் அதே ஃபேன்கள் ஓட வேண்டும். 95 டிகிரியில் சேர்ந்து 90-ல் விலகும் இரண்டு முனை ஹீட் சுவிட்ச் ஒன்றை ரேடியேட்டரின் மேல் குழாய்ப் பக்கம் வைத்து, சாவி மின்சாரத்தை அதன் வழியாக ஃபேன் ரிலேயின் 86-க்குக் கொடுங்கள். இப்போது ஃபேன் ரிலேக்கு இரண்டு வழிகள் வந்துவிட்டன: ஒன்று ஏ.சி. சுவிட்சில் இருந்து, மற்றது ஹீட் சுவிட்சில் இருந்து. இந்த இரண்டையும் நேராக முறுக்கி இணைத்தால் என்ன நடக்கும் என்று விரலால் ஒயரைத் தொடர்ந்து பாருங்கள். இன்ஜின் சூடாகி ஹீட் சுவிட்ச் சேர்கிறது. மின்சாரம் ஃபேன் ரிலேக்குப் போகிறது. கூடவே, சந்திப்பில் இருந்து ஏ.சி. ஒயருக்குள் பின்பக்கமாக நுழைந்து, தெர்மோஸ்டாட், பிரஷர் சுவிட்ச் வழியாகக் கம்ப்ரசர் ரிலேயை அடைகிறது. டிரைவர் ஏ.சி.யை அணைத்திருந்தாலும், இன்ஜின் சூடான அதே நேரத்தில் கம்ப்ரசர் ஓடத் தொடங்கும். சூட்டைக் குறைக்க வைத்த ஒயரிங் சூட்டைக் கூட்டும்.

இதைத் தடுக்க இரண்டு வழிகளிலும் ஒவ்வொரு டயோடு வையுங்கள், கோடு உள்ள முனை ஃபேன் ரிலேயைப் பார்த்து இருக்கட்டும். ரிலே காயிலுக்குச் சிறிய மின்சாரமே தேவை என்பதால் 1என்4007 டயோடு போதும். சாலிடர் செய்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு, ரிலே பெட்டிக்குள்ளேயே வையுங்கள்.

கூரைக் கண்டன்சர் ஃபேன் ரேடியேட்டருக்கு உதவாது. ஆகவே அந்த வகையில் ஹீட் சுவிட்ச் இணைப்பும் அதற்கான இரண்டு டயோடுகளும் தேவையில்லை. கட்-அவுட் மட்டும் கட்டாயம் வேண்டும்.

சாவி மின்சாரம் எடுக்கும் முனை, செல்ஃப் அடிக்கும்போது அணைந்துபோகும் முனையாக இருக்கட்டும். இல்லாவிட்டால் ஸ்டார்ட் செய்யும்போதும் கம்ப்ரசரின் பாரம் இன்ஜின் மேல் இருக்கும்.

7. எர்த்

ஏ.சி. ஒயரிங்கில் வரும் பழுதுகளில் பாதியை எர்த்திலேயே தேடலாம். இன்ஜின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது, கேபினும் ரப்பர் மேல்தான். இன்ஜினைக் கழற்றும்போது எடுத்த எர்த் பட்டையைத் திரும்பப் போட மறந்தால், மின்சாரம் ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகவும் பேரிங் வழியாகவும் வழி தேடும். இன்ஜினுக்கும் சேசிஸுக்கும் ஒன்று, சேசிஸுக்கும் கேபினுக்கும் ஒன்று, பேட்டரிக்கும் சேசிஸுக்கும் ஒன்று என மூன்று பட்டைகள் கட்டாயம்.

பட்டை உட்காரும் இடத்தில் பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளை இரும்பு தெரியும் வரை சுத்தம் செய்து, பல் வாஷரோடு போல்ட் முடுக்கி, அதன் பிறகு கிரீஸ் தடவுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் ஓடும் வண்டிக்கு இந்தக் கிரீஸ் மிக அவசியம். ஃபேன் எர்த் ஒயரை ரேடியேட்டர் தாங்கியில் முடிக்காமல் சேசிஸ் வரை கொண்டுவாருங்கள்.

8. இ.சி.யு. உள்ள இன்ஜின்

2017 ஏப்ரலில் நாடு முழுவதும் வந்த பி.எஸ்.4 விதிக்குப் பிறகும், 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 விதிக்குப் பிறகும் செய்த இன்ஜின்களில் பெரும்பாலானவற்றை இ.சி.யு. இயக்குகிறது. அவற்றில் வேலை செய்யும்போது மூன்று தடைகளைக் கடைப்பிடியுங்கள். இ.சி.யு.வுக்குப் போகும் சென்சார் ஒயரில் இருந்து எதற்கும் கிளை எடுக்காதீர்கள். 5 வோல்ட்டில் ஓடும் அந்த ஒயரில் சிறு மாற்றமும் இன்ஜினுக்குத் தவறான சூட்டைச் சொல்லும். ஃபேனையோ கிளச்சையோ இ.சி.யு. பின்னில் நேராக இணைக்காதீர்கள். அந்தப் பின் ஒரு ரிலே காயிலை இழுக்க மட்டுமே ஆனது. இ.சி.யு. கனெக்டர் மாட்டியிருக்கும்போது சேசிஸில் வெல்டிங் அடிக்காதீர்கள்.

இந்த இன்ஜின்களில் ஏ.சி. கேட்கும் சமிக்ஞைக்குத் தனிப் பின் இருந்தால், பிரஷர் சுவிட்சைத் தாண்டிய ஒயரை அதற்குக் கொடுங்கள். கம்ப்ரசர் சேரும் முன் இ.சி.யு. ஐடிலைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளும். அந்த மாடலின் ஒயரிங் டயக்ராம் கையில் இல்லாமல் எந்தப் பின்னையும் தொடாதீர்கள்.

9. பதர், எலி, தண்ணீர்

கண்டன்சர் ஃபின்னில் முதலில் சேர்வது நெல் பதரும் வைக்கோல் சுணையும். அவை ஈரத்தோடு ஒட்டிக் காய்ந்தால் காற்றே போகாது. முன்னால் வைத்த கண்டன்சருக்குக் கொசுவலைக் கம்பியில் கழற்றி மாட்டும் சட்டம் ஒன்று செய்து கொடுங்கள். அறுவடைக் காலத்தில் டிரைவரோ கிளீனரோ வாரம் ஒரு முறை, ஃபேன் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகப் பதர் வெளியேறும்படி, மெதுவான தண்ணீரில் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை நேராகக் காட்டினால் ஃபின் மடிந்துவிடும்.

நெல் சிந்திய வண்டிக்கு எலி வரும். ஒயரைத் துணி டேப்பால் மட்டும் சுற்றாமல் மடிப்புக் குழாய்க்குள் செலுத்தி, முனைகளை அடைத்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழையில் சாலைத் தண்ணீரில் இறங்கி ஏற வேண்டிய வண்டி என்பதால், ரிலே பெட்டியைக் கேபினுக்குள் இருக்கைக்குப் பின்னால் உயரத்தில் வையுங்கள். ரிலேயின் கால்கள் கீழ்நோக்கி இருக்கட்டும். பெட்டிக்குள் நுழையும் ஒயரைக் கொஞ்சம் தொங்கவிட்டு மேலே ஏற்றினால், ஒயர் வழி வரும் நீர் அங்கேயே சொட்டிவிடும்.

10. சோதனை

பேட்டரியை இணைக்கும் முன் மெயின் ஃபியூஸைக் கழற்றி, அந்த இடத்தில் 21 வாட் பல்பு ஒன்றை இணையுங்கள். பேட்டரியை இணைத்த பிறகு, எல்லா சுவிட்சும் அணைந்திருக்கும்போது பல்பு எரிந்தால் எங்கோ ஷார்ட். எரியாவிட்டால் ஃபியூஸைப் போடுங்கள்.

அடுத்து ஃபேன் திசை. எலக்ட்ரிக் ஃபேனும் இன்ஜின் ஃபேனும் ஒரே திசையில், முன்னிருந்து பின்னோக்கிக் காற்றைத் தள்ள வேண்டும். ஒரு நாளிதழ்த் தாளைக் கண்டன்சர் முன்பக்கம் பிடியுங்கள். தாள் ஒட்டிக்கொண்டால் சரி, விலகிப் பறந்தால் ஃபேனின் இரண்டு ஒயர்களையும் மாற்றுங்கள். கூரை வகையில் கண்டன்சர் வழியாகக் காற்று எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அந்த யூனிட்டில் அம்புக்குறி இருக்கும், அதன்படி பாருங்கள்.

மூன்றாவது, வோல்ட் இழப்பு. இன்ஜின் ஓட, ஏ.சி. முழுவதும் போட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் மற்றதை ஃபேன் மோட்டாரின் பாசிட்டிவிலும் வையுங்கள். 0.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பிறகு மோட்டார் நெகட்டிவுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் பாருங்கள், 0.2-க்குள் இருக்க வேண்டும். அதிகமானால் லக், ரிலே, எர்த் என்று ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தால் இழக்கும் இடம் தெரிந்துவிடும்.

நான்காவது, பாதுகாப்புகள். பிரஷர் சுவிட்ச் கனெக்டரைக் கழற்றினால் கம்ப்ரசர் நிற்க வேண்டும், ஃபேன் ஓட வேண்டும். ஹீட் கட்-அவுட் கனெக்டரைக் கழற்றினாலும் அப்படியே. கண்டன்சர் முன்னால் உள்ள வண்டியில், ஏ.சி. சுவிட்சை அணைத்துவிட்டு ஹீட் சுவிட்சின் இரண்டு முனைகளையும் இணைத்தால் ஃபேன் ஓட வேண்டும், கம்ப்ரசர் சேரக் கூடாது. டயோடு சரியாக இருக்கிறது என்பதற்கு இதுதான் சான்று.

கேஸ் ஏற்றும் வேலையை வேக்குவம் பம்பும் கேஜும் உள்ள ஏ.சி. மெக்கானிக்கிடம் விடுங்கள். அரை மணி நேரமாவது வேக்குவம் பிடித்து, கசிவு இல்லை என்று பார்த்த பிறகே ஆர்-134ஏ ஏற்ற வேண்டும்.

கடைசிச் சோதனையை மதிய வெயிலில் செய்யுங்கள். வண்டியை நிறுத்தி, ஏ.சி. முழு வேகத்தில், ஹெட்லைட்டும் போட்டு, ஐடிலில் அரை மணி நேரம் விடுங்கள். ஹீட் மீட்டர் முள் ஓரிடத்தில் நிலைக்க வேண்டும். பேட்டரி வோல்ட் 12 வோல்ட் வண்டியில் 13-க்கும், 24 வோல்ட் வண்டியில் 26-க்கும் கீழே இறங்கக் கூடாது. இதில் தேறாத வண்டியைப் பட்டறையைவிட்டு அனுப்பாதீர்கள்.

11. காகித வேலை

இன்ஜின் மாறினால் இன்ஜின் எண் மாறும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. ஆகவே வேலை தொடங்கும் முன்பே உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஓனர் விண்ணப்பித்து அனுமதி வாங்கி, வேலை முடிந்ததும் ஆர்.சி.யில் புது எண்ணைப் பதிய வேண்டும். இன்ஜின் வாங்கிய பில்லைப் பத்திரப்படுத்துங்கள். அதே கம்பெனியின் அதே வகை இன்ஜினாக இருந்தால் வேலையும் அனுமதியும் சுலபம். பதியாத இன்ஜினோடு விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கேட்கும்போது சிக்கல் வரும். இதை வேலை ஒப்புக்கொள்ளும்போதே ஓனரிடம் சொல்லிவிடுவது எலக்ட்ரீஷியன், மெக்கானிக் இருவரின் கடமை.

வேலை முடிந்ததும் நீங்கள் போட்ட ஒயரிங்கை ஒரு தாளில் வரையுங்கள். ஒயர் நிறம், ஃபியூஸ் ஆம்பியர், ரிலே இருக்கும் இடம், டயோடு இருக்கும் இடம் எல்லாம் அதில் வரட்டும். அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ரிலே பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டுங்கள். நடுவழியில், நள்ளிரவில், உங்களைத் தெரியாத ஓர் எலக்ட்ரீஷியன் அந்த வண்டியைத் திறக்கும் நாள் வரும். அந்தத் தாள் இருந்தால் பத்து நிமிடத்தில் பழுதைக் கண்டுபிடிப்பார். இல்லாவிட்டால் ஃபியூஸை எடுத்துவிட்டுக் கம்பியைச் சுற்றி அனுப்புவார். உங்கள் வேலையின் கடைசி உருப்படியாக அந்தத் தாளையும் பில்லோடு சேர்த்துக் கொடுங்கள்.